கடல் கடந்தவரின் கிறிஸ்துமஸ்

மார்கழி பிறந்து பத்து நாள் ஆகும் சமயத்தில் திருநின்றவூருக்குக் காலையில் ஒரு சோபையும் மாலையில் மற்றொரு சோபையும் வந்து சேர்கின்றன. விடியற்காலையில், நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் ஒன்றாக விளங்கும் பக்தவத்சலப் பெருமாள் சன்னிதியிலிருந்து திருப்பாவை ஒலி பனிக்காற்றோடு கலந்து வருகிறது. அந்தி சாய்ந்த பிறகோ, இருப்புப்பாதையின் இரு மருங்கிலும் ஆங்காங்கே வீட்டு முகப்புகளில் காகித நட்சத்திரங்கள் ஒளிவிட, சபை வாலிபர்கள் கிதாரும் டிரம்மும் சுமந்துகொண்டு, கேரல் ரவுண்ட்ஸ் என்று வீடு வீடாகச் சென்று பாடி, கொடுத்த கேக்கையும் காப்பியையும் வாங்கி உண்டு, நடுநிசிக்கு மேல் கலைந்து போகிறார்கள். இரண்டையும் ஒரே தெருவில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு டிசம்பர் மாதம் என்றால் சப்தமும் ஜனக்கூட்டமும் நிரம்பிய மாதம் என்பதே மனத்தில் ஊறிப்போன எண்ணம்.

ஆவடி, பட்டாபிராம், அம்பத்தூர், பூந்தமல்லி என்று விரியும் இந்தப் பிரதேசத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் பல வேறு ஊர்களைப் பூர்வீகமாகக் கொண்டவை. 1960-களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தபோதும், 1964-ஆம் ஆண்டில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றியபோதும், ரயில்வேயிலும் பள்ளிக்கூடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் உத்தியோகம் கிடைத்தபோதும், நாசரேத், சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம், மார்த்தாண்டம் முதலிய ஊர்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் அவர்கள். டிசம்பர் மாதம் வந்தால் எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் பிடித்து, ஓர் இரவுப் பிரயாணத்தில் ஊர் போய்ச் சேர்ந்து, பண்டிகையைச் சொந்த ஆலயத்தில் கொண்டாடித் திரும்புவது அந்தத் தலைமுறையின் வழக்கமாக இருந்தது. அவர்களுடைய பிள்ளைகளுக்கு இப்பொழுது திருநின்றவூரும் பட்டாபிராமுமே சொந்த ஊர். அவர்கள் பிழைக்கப் போயிருக்கும் இடங்களோ லண்டன், துபாய், சிங்கப்பூர், டொரண்டோ என்னும் மகா நகரங்கள். டிசம்பரில் விமானக் கட்டணம் ஏறிவிடுகிறது. விடுப்பும் கேட்டபடி கிடைப்பதில்லை. ஆகவே, பண்டிகையை அந்நிய நகரத்திலேயே கழித்தாக வேண்டிய ஸ்திதியில் நம்மவர் அநேகர் இருக்கிறார்கள். அந்த நாட்கள் அங்கே எப்படிப் போகின்றன என்பதை, பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கைப்பேசியின் முன் காத்திருக்கும் பெற்றோர்கள் அறிந்துகொள்வது நல்லது என்று நினைத்தே இதை எழுதுகிறேன்.

லண்டனையே முதலில் எடுத்துக்கொள்வோம். நவம்பர் மாதத்தின் நடுவிலேயே அங்கே பண்டிகைக் காலம் ஆரம்பித்துவிடுகிறது. ரீஜென்ட் வீதியில் 1954-ஆம் ஆண்டிலும் ஆக்ஸ்போர்டு வீதியில் 1959-ஆம் ஆண்டிலும் தொடங்கிய தீபாலங்காரங்களைக் காண இன்றும் ஜனங்கள் திரள் திரளாக வருகிறார்கள். டிரஃபால்கர் சதுக்கத்தில் நிற்கும் மரத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில் நார்வே தேசம் ஜெர்மானியர் வசப்பட்டபோது, அதன் மன்னர் ஏழாம் ஹாக்கனுக்கும் அவருடைய அரசாங்கத்துக்கும் லண்டன் அடைக்கலம் தந்தது. அந்த நன்றியை மறவாத ஆஸ்லோ நகரத்தார், 1947 முதல் வருஷந்தோறும் தங்கள் வனத்திலிருந்து 20 மீட்டருக்கும் மேல் உயரமான ஸ்புரூஸ் மரம் ஒன்றை வெட்டிக் கப்பலேற்றி அனுப்பிவருகிறார்கள். டிசம்பர் மாத மாலைகளில் அதன் அடியில் பாடகர் குழுக்கள் நின்று கீதங்கள் பாடுகின்றன. கட்டணம் ஏதும் இல்லை. எந்தத் தேசத்தவரும் போய் நின்று கேட்கலாம். வந்து ஓரிரு மாதமே ஆன நம் மாணவன் ஒருவன் அங்கே நின்று புகைப்படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புகிறான். வீட்டார் அதைப் பார்த்து, பிள்ளை சொர்க்கலோகத்தில் இருக்கிறான் என்று மகிழ்கிறார்கள்.

இவையெல்லாம் பண்டிகைக்கு முந்திய நாட்களின் கோலாகலம். பண்டிகை நாள் வேறு விதமானது. 24-ஆம் தேதி மாலை நகரத்தின் அலுவலகங்களும் கடைகளும் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. வெளியூர்க்காரர்கள் ரயிலேறி விடுகிறார்கள். 25-ஆம் தேதியன்று சுரங்க ரயில் ஓடுவதில்லை. சிவப்பு பஸ்களும் ஓடுவதில்லை. நாட்டின் மற்ற ரயில்களும் நின்றுவிடுகின்றன. 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட விஸ்தீரணமுள்ள கடைகள் அன்று திறக்கவே கூடாது என்று 2004-ஆம் ஆண்டில் பார்லிமெண்டு சட்டமே இயற்றியிருக்கிறது. தெருமுனையில் நம் நாட்டார் நடத்தும் சிறு கடை ஒன்று திறந்திருந்தால் பாலும் ரொட்டியும் கிடைக்கும். இல்லையேல் முதல் நாள் வாங்கி வைத்ததுதான். காலை 8 மணிக்கு மேல் உதிக்கும் சூரியன் மாலை 4 மணிக்குள் அஸ்தமித்துவிடுகிறான். அந்த எட்டு மணி நேரத்திலும் வானம் பெரும்பாலும் சாம்பல் நிறமாகவே இருக்கிறது. ஏறக்குறைய ஒரு கோடி ஜனங்கள் வசிக்கும் நகரத்தின் ராஜபாட்டையில் ஓர் ஈ காக்கையைக் காண முடியாது. சன்னல்களுக்கு உள்ளே மட்டும் விளக்குகள் எரிகின்றன. குடும்பங்கள் மேஜையைச் சுற்றி அமர்ந்து உண்ணுகின்றன. கதவு சாத்தியிருக்கிறது. அழைக்கப்படாதவன் அந்தக் கதவைத் தட்டுவது அந்த நாட்டு மரியாதை அன்று.

இப்படி ஒரு மகா நகரம் முழுவதும் ஒரே நாளில் வீட்டுக்குள் அடங்கிவிடும் வழக்கம் ஆதி காலத்திலிருந்து வந்ததன்று. இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் பண்டிகை ஒரு காலத்தில் விருந்தும் ஆட்டமும் தெருக்கூத்துமாக இருந்தது. தூய்மைவாதிகள் அதிகாரம் பெற்றிருந்த காலத்தில், 1647-ஆம் ஆண்டில், பார்லிமெண்டு பண்டிகையையே தடை செய்தது. 1660-இல் மன்னராட்சி திரும்பிய பிறகே தடை நீங்கியது. பின்னர் ஆலைகள் பெருகி, கிராமத்து ஜனங்கள் பிழைப்புத் தேடி நகரங்களில் வந்து நெருக்கியடித்துக் குடியேறிய விக்டோரியா காலத்தில்தான் இன்றைய பண்டிகையின் உருவம் பிறந்தது. சார்லஸ் டிக்கன்ஸ் தம்முடைய புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் கதையை வெளியிட்டதும், ஹென்றி கோல் என்பவர் முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை அச்சிடச் செய்ததும் 1843-ஆம் வருஷமே. ராணி விக்டோரியாவும் கணவர் ஆல்பர்ட்டும் குழந்தைகளும் அலங்கரித்த மரத்தைச் சுற்றி நிற்கும் சித்திரம் 1848-இல் ஒரு லண்டன் பத்திரிகையில் வெளியாயிற்று. அதைப் பார்த்து நடுத்தரக் குடும்பங்களும் வீட்டுக்குள் மரம் வைக்கத் தொடங்கின. வருஷம் முழுவதும் ஆலையிலும் ஆபீசிலும் தேகம் தேய உழைத்தவனுக்கு, மனைவி மக்களோடு கணப்பின் முன் உட்கார ஒரு நாள் கிடைத்தது. 1932-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், ருட்யார்ட் கிப்ளிங் எழுதிக் கொடுத்த உரையை வானொலியில் வாசித்தது முதல், பண்டிகை நாளில் வீட்டில் இருந்தபடியே அரசரின் குரலைக் கேட்பதும் அந்த நாளின் சடங்காகிவிட்டது. குடும்பம் உடையவனுக்கு இதைவிட இனிமையான ஏற்பாடு இருக்க முடியாது. குடும்பத்தைக் கடலுக்கு அப்பால் விட்டு வந்தவனுக்கோ, அந்த நாளில் நகரமே அவனை வெளியே நிறுத்தித் தாளிட்டுக்கொண்டாற் போல இருக்கிறது.

நம்முடைய வழக்கமோ இதற்கு நேர்மாறானது. இங்கே 25-ஆம் தேதி காலையில் ஆராதனை முடிந்து, புதுத் துணியின் கஞ்சி வாசனை மாறாமல் வீடு திரும்பும் குடும்பம் முதலில் செய்யும் காரியம் கதவைத் திறந்து வைப்பதுதான். அச்சு முறுக்கும் கல்கலாவும் அதிரசமும் கேக்குத் துண்டும் வைத்து மூடிய தட்டுகள் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போகின்றன; தீபாவளிக்குப் பட்சணம் அனுப்பிய ஐயர் வீட்டுக்கும், ரம்ஜானுக்குப் பிரியாணி அனுப்பிய பாய் வீட்டுக்கும் தவறாமல் போகின்றன. குடிலைப் பார்க்கக் குழந்தைகள் கேளாமலே வீட்டுக்குள் நுழைகிறார்கள். இந்தத் திறந்த கதவுக்குப் பழகியவன் மூடிய கதவுகளின் நகரத்தில் ஏகாந்தமாக நிற்கும்போது அடையும் வேதனை, பனியின் கடுமையால் வருவதைவிட அதிகம் என்பதே என் அபிப்பிராயம்.

மூடிய வீட்டின் உள்விவகாரம் வெளியாருக்கு எவ்வளவு தூரம் தெரியாமல் போகும் என்பதற்கு நம்மவர் ஒருவரின் சரிதத்திலேயே சான்று இருக்கிறது. கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமானுஜன், சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து, 1914 மார்ச்சில் கப்பலேறி, ஏப்ரலில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். குளிர்காலத்தில் ஒரு நாள் அவரைக் காணச் சென்ற பிரசாந்த சந்திர மகலனோபிஸ் என்ற வங்காள மாணவர், இரவில் கதகதப்பாக இருக்கிறதா என்று விசாரித்தபோது, மேல் அங்கியை அணிந்து சால்வையைப் போர்த்துக்கொண்டு படுத்தும் குளிர் தாங்கவில்லை என்று ராமானுஜன் கூறினாராம். உள்ளே போய்ப் பார்த்தால், படுக்கையில் கம்பளிகள் பல இருந்தன. ஓரங்கள் மெத்தையின் அடியில் செருகப்பட்டு, மேலே விரிப்பு விரித்திருந்தது. அவற்றை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாமல், எல்லாவற்றிற்கும் மேலே படுத்துக் குளிரில் நடுங்கியிருக்கிறார். எண்களின் அந்தரங்கத்தை எல்லாம் அறிந்த அந்த மகா மேதைக்கு, அந்நிய நாட்டுப் படுக்கையில் எப்படிப் படுப்பது என்று சொல்லித்தர, தேச பந்து ஒருவர் அறைக்குள் வரவேண்டியிருந்தது. இந்தச் சம்பவத்தைப் பலர் வேடிக்கையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கோ படிக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. டிசம்பரில் பாடம் முடிந்து மாணவர்கள் தத்தம் வீடுகளுக்குப் போன பிறகு காலியாகிவிடும் கல்லூரிக் கட்டடங்களில், நம் பிள்ளைகள் எத்தனை பேர் இன்றும் அப்படிக் கேட்க ஆளின்றி இருப்பார்களோ!

பட்டாபிராமிலிருந்து சென்று, கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கி, ஆஸ்பத்திரியில் செவிலியாகப் பணிபுரியும் பெண் ஒருத்தியின் குடும்பத்தை நான் அறிவேன். நோயாளிகளுக்குப் பண்டிகை விடுமுறை கிடையாது. ஆகையால் 25-ஆம் தேதியும் வார்டில் ஆள் இருந்தாக வேண்டும். பஸ் ஓடாத அந்த நாளில், கார் வைத்திருக்கும் சக ஊழியர் ஒருவர் விடியுமுன் வந்து ஏற்றிக்கொண்டு போனார். அடுத்த முறை அவள் ஊருக்கு வந்து திரும்பியபோது, 23 கிலோ என்று கணக்குப் பார்த்து அடுக்கிய பெட்டிக்குள், தாயார் பழைய துணியில் சுற்றி அச்சு முறுக்கு அச்சை வைத்து அனுப்பினார். அந்த அச்சைக் கொதிக்கும் எண்ணெயில் நன்றாகக் காயவைத்து, அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் முட்டையும் சர்க்கரையும் கலந்த கரைசலில் விளிம்பு மூழ்காமல் தோய்த்து, மறுபடி எண்ணெயில் இறக்கி இலேசாக உதறினால் முறுக்குப் பூப்போலக் கழன்று மிதக்க வேண்டும். அச்சு சரியாகக் காயாவிட்டால் மாவு ஒட்டாது. விளிம்புக்கு மேல் மூழ்கிவிட்டால் கழலாது. பொது அடுக்களையில் எண்ணெய் காய்ந்த புகைக்கு, கூரையில் பதித்திருந்த எச்சரிக்கைக் கருவி அலற ஆரம்பித்துவிட்டது. சன்னல்களை எல்லாம் திறந்து, குளிர்காற்று உள்ளே பாய, மேலே கம்பளிச் சட்டையோடு நின்று சுட்டு முடித்தாளாம். அலறலைக் கேட்டு வந்த பக்கத்து அறைக்காரர்கள், நைஜீரியாப் பெண் ஒருத்தியும் போலந்துக்காரர் ஒருவரும், நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிறகு தின்று பார்த்தார்கள். அதன் பிறகுதான் ஒருவர் பெயரை ஒருவர் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஒரே சுவரின் இரு பக்கத்திலும் அதுவரை பெயர் தெரியாமல் வாழ்ந்திருக்கிறார்கள்.

அந்நிய நகரங்களில் தமிழ்ச் சபைகள் இருப்பதன் பயன் இத்தகைய நாட்களில்தான் பூரணமாக விளங்குகிறது. 1983-க்குப் பிறகு ஈழத்திலிருந்து பெருந்திரளாக வெளியேறிய தமிழர்கள் லண்டனிலும் டொரண்டோவிலும் குடியேறியபோது, ஆராதனைக்கு வேண்டிய இடத்தையும் தேடிக்கொண்டார்கள். ஆங்கிலேயர் பலர் ஆலயத்துக்கு வருவதைக் குறைத்துக்கொண்டுவிட்ட காலத்தில், பழைய கோதிக் கட்டடங்களின் பிற்பகல் வேளைகள் தமிழருக்குக் கிடைத்தன. யாழ்ப்பாணத்தாரும் மன்னாராரும் திருநெல்வேலியாரும் சென்னையாரும் ஒரே பாட்டுப் புத்தகத்தைத் திறக்கிறார்கள். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் 1864-இல் மறைந்தவர். அவருடைய கீர்த்தனைகளை இன்றைக்குப் பனி மூடிய கனடா தேசத்தின் ஸ்கார்பரோவில் பாடுகிறார்கள். பண்டிகைக்கு முன் குழந்தைகளை வைத்து ஒளிவிழா நடத்துவது ஈழத்தாரின் சம்பிரதாயம். தூதராகவும் மேய்ப்பராகவும் வேஷம் தரித்த குழந்தைகள் தமிழ் வசனத்தை ஆங்கில உச்சரிப்பில் ஒப்புவிக்க, கண்ணீர் மல்கக் கேட்டிருப்பார்கள் பாட்டிமார்கள். நத்தார் என்று ஈழத்தார் அழைக்கும் இந்தப் பண்டிகைக்கு அவர்கள் செய்யும் ரிச் கேக் நம் பிளம் கேக்கினின்றும் வேறானது. மாவுக்குப் பதில் ரவையும், ஏராளமான முந்திரியும், சர்க்கரைப் பாகில் பதமிட்ட பூசணியும் சேர்த்து, பல நாள் ஊறவைத்துத் துண்டங்களாகக் காகிதத்தில் சுற்றி வைப்பார்கள். கூட்டம் முடிந்து மண்டபத்தில் மடக்கு நாற்காலிகளைப் போட்டுப் பரிமாறும் சாப்பாட்டுக்குச் சீட்டும் இல்லை, முன்பதிவும் இல்லை. சபைக்கே வராத ஹிந்து மாணவர்களும் அங்கே வந்து சாப்பிட்டுப் போகிறார்கள். யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

திருநின்றவூரில் பிறந்தவனுக்கு இவ்விடத்தில் பூசலார் நாயனாரின் நினைவு வராமல் இராது. கையில் பொருளில்லாத அந்த அடியார், கல்லும் மரமும் கருவிகளும் தச்சரும் எல்லாவற்றையும் மனத்திலேயே சேகரித்து, நாள் பார்த்து அடித்தளமிட்டு, இரவும் உறங்காமல் சிகரமும் மதிலும் கிணறும் குளமும் உட்பட ஓர் ஆலயத்தை நெஞ்சுக்குள்ளேயே கட்டி முடித்தார். காஞ்சியில் பெருங்கோயில் எடுத்த பல்லவ மன்னனின் கனவில் தோன்றிய இறைவன், நாளை நாம் பூசலாரின் கோயிலில் புகுகிறோம், உன் விழாவை வேறு நாளில் வைத்துக்கொள் என்று பணித்ததாகப் பெரிய புராணம் கூறும். அவர் பெயரை நினைவூட்டும் இருதயாலீசுவரர் கோயில் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. துணையும் பொருளும் இல்லாத இடத்தில் ஊரின் பண்டிகையை அணு அணுவாக நினைவிலிருந்து எழுப்பி நடத்தும் நம் பிள்ளைகள், எந்தச் சமயத்தவராயினும், அந்த அடியாரின் ஊரைச் சேர்ந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளத் தகுதியுள்ளவர்களே.

துபாயின் கதை வேறு. அங்கே வெயில் மிதமாகி, கடற்காற்று சுகமாக வீசும் அருமையான பருவம் டிசம்பர். வணிக வளாகங்களில் வானளாவிய அலங்கார மரங்களும் நிற்கின்றன. ஆயினும் 25-ஆம் தேதி அரசாங்க விடுமுறை நாள் அன்று. வேலைக்குப் போகிறவர்கள் விடியற்காலைத் திருப்பலிக்கோ, வேலை முடிந்த பின் மாலைத் திருப்பலிக்கோ போகிறார்கள். ஷேக் ராஷித் மனமுவந்து அளித்த நிலத்தில் 1967-இல் அமைந்த புனித மரியாள் தேவாலயத்தில் ஆங்கிலம், மலையாளம், தமிழ், தகாலோக் என்று பாஷைக்கொரு வேளையாக வழிபாடு நடக்கிறது. பண்டிகை இரவில் உள்ளே இடமின்றி முற்றத்தில் ஆயிரக்கணக்கானோர் நிற்கிறார்கள். வார விடுமுறை வெள்ளியும் சனியுமாக இருந்த வரையில் ஞாயிற்றுக்கிழமைக்குரிய வழிபாட்டுக்கு வெள்ளிக்கிழமையே கூட்டம் கூடும். 2022 ஜனவரியில் விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறிய பிறகு அந்த ஏற்பாடும் மாறிற்று. தொழிலாளர் குடியிருப்பில் ஓர் அறைக்குப் பலராகத் தங்கியிருப்பவர்கள் சீட்டுப் போட்டுப் பணம் சேர்த்து ஆட்டிறைச்சி வாங்கிச் சமைக்கிறார்கள். சமைப்பவர் ராமநாதபுரத்து முஸ்லிமாகவும், சாப்பாட்டுக்கு முன் ஜெபிப்பவர் கன்னியாகுமரிக்காரராகவும், பாத்திரம் கழுவுபவர் விழுப்புரத்து ஹிந்துவாகவும் இருப்பது சகஜம். லண்டனில் கிடைக்கும் விடுமுறை அங்கே இல்லை; லண்டனில் கிடைக்காத கூட்டு வாழ்க்கை அங்கே உண்டு. இரண்டில் எது மேல் என்று என்னைக் கேட்டால், விடுமுறையற்ற கூட்டத்தையே தேர்ந்தெடுப்பேன்.

சிங்கப்பூரில் நம்மவருக்கு அந்நியம் குறைவு. ஆர்ச்சர்டு வீதியில் 1984 முதல் நடைபெற்றுவரும் பண்டிகைக் கால ஒளி அலங்காரம் உலகப் பிரசித்தம். ஆனால் தமிழ்க் கத்தோலிக்கரின் கால்கள் ஓஃபிர் சாலையை நோக்கித்தான் போகின்றன. பிரெஞ்சு தேசத்து லூர்து நகர ஆலயத்தின் சாயலில், தமிழ் மக்களுக்காகவே 1888-இல் எழுந்த லூர்து அன்னை ஆலயம் அங்கே இருக்கிறது. அக்காலத்தில் கூலிகளாகவும் எழுத்தர்களாகவும் கப்பலில் வந்தவர்களின் சந்ததியாரும், நேற்று வந்து கட்டட வேலையில் சேர்ந்த இளைஞர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தமிழ்த் திருப்பலி காண்கிறார்கள். நூற்று முப்பது வருஷங்களுக்கு மேலாக ஒரு கதவு திறந்தே இருப்பதன் பலன் அது.

கடிகாரமும் இந்தப் பண்டிகையில் ஒரு பாத்திரம் வகிக்கிறது. திருநின்றவூரில் நள்ளிரவு மணி அடிக்கும்போது துபாயில் இரவு 10.30, லண்டனில் மாலை 6.30, டொரண்டோவில் பகல் 1.30; சிங்கப்பூரிலோ அதிகாலை 2.30 ஆகிவிட்டிருக்கும். மகன் வேலையில் இருப்பானோ, தூங்கிக்கொண்டிருப்பானோ என்று கணக்குப் பார்த்துப் பார்த்துத் தாய்மார்கள் கைப்பேசியை எடுக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை: சாப்பிட்டாயா என்று கேட்பதோடு நிறுத்தாமல், யாரோடு சாப்பிட்டாய் என்றும் கேளுங்கள். புதிதாகப் போகிறவர்களுக்கோ சில யோசனைகள். எந்தச் சபை அருகில் இருக்கிறது என்று அக்டோபரிலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். லண்டன் போன்ற நகரமானால் 24-ஆம் தேதி பிற்பகலுக்குள் பால், அரிசி, மருந்து முதலியவற்றை வாங்கிவிடுங்கள். 25-ஆம் தேதி நடந்து போகக்கூடிய தூரத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். தனியாக இருக்கிறேன் என்று சக ஊழியரிடம் சொல்வதற்கு வெட்கப்படாதீர்கள். அழையாமல் கதவைத் தட்டக்கூடாது என்று நினைப்பவர்களே, சொன்னால் மனமார அழைப்பவர்களாகவும் இருக்கிறார்கள். சமைக்க ஒன்றும் இல்லாமற் போனால் லண்டன் சௌத்தாலின் சீக்கியர் குருத்துவாராவில் அன்றும் லங்கர் என்னும் இலவசச் சாப்பாடு உண்டு. பசித்தவனை இன்னான் என்று அங்கே கேட்பதில்லை.

கடல் கடந்த நம் பிள்ளைகளை நினைத்து உருகும் நாம், நம்முடைய கதவைப் பற்றியும் சிறிது யோசிக்க வேண்டும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் திருமுல்லைவாயிலின் பட்டறைகளிலும் எழும்பிவரும் அடுக்குமாடிக் கட்டடங்களிலும் வேலை செய்யும் வடநாட்டு இளைஞர்களைத் தினமும் பார்க்கிறோம். அவர்களில் ஜார்க்கண்டின் சிம்டேகா, கும்லா, ஒடிஸாவின் சுந்தர்கட், கந்தமால் ஆகிய ஜில்லாக்களிலிருந்து வந்த ஆதிவாசிக் கிறிஸ்தவர்கள் உண்டு. உணவு விடுதிகளிலும் அழகு நிலையங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் நாகாலாந்து, மிஸோரம், மணிப்பூரைச் சேர்ந்த இளம் பெண்கள் உண்டு. ராஞ்சிக்குப் போகவே ஒரு நாளுக்கு மேல் ரயிலில் உட்கார வேண்டும். டிசம்பரில் அதிலும் இடம் கிடைப்பதில்லை. அவர்களுடைய கிராமங்களில் இந்தப் பண்டிகைக்கு மாதல் என்னும் மேளம் கொட்டி, ஊரே கைகோத்து இரவு முழுவதும் ஆடும். இங்கே, தகரக் கூரை போட்ட அறையில், நம் பாஷை தெரியாமல், 25-ஆம் தேதியை அவர்கள் எப்படிக் கழிக்கிறார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அவர்களுக்குச் சென்னைதான் அந்நிய மகா நகரம். நாம்தான் அந்த நகரத்தின் மூடிய கதவுகள்.

ஆகவே இந்தப் பிரதேசத்துச் சபைகளின் குருமார்களுக்கும் நிர்வாகிகளுக்கும் ஒரு விண்ணப்பம். இந்த டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் போகும் வாலிபர்களை, அந்தத் தொழிலாளர் அறைகளுக்கும் ஒரு நாள் அனுப்புங்கள். பண்டிகை ஆராதனையில் குடுக் மொழியிலோ முண்டாரியிலோ மிஸோவிலோ அவர்கள் ஒரு கீதம் பாட ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள். ஆராதனை முடிந்து அவர்கள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள் என்று யாரேனும் ஒருவர் சொல்லட்டும்.